காருக்குள் கழுவ ஒரு சின்ன கார்பெட் மெஷின்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் எழும் கேள்விகள்

துணி சீட், தரைக் கார்பெட், டிக்கி விரிப்பு ஆகியவற்றை வீட்டிலேயே கழுவ மெஷின் தேடுபவர்களுக்கான பக்கம் இது. தோல் சீட் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

இது வேக்குவம் கிளீனரில் இருந்து எப்படி வேறுபடுகிறது?

சாதாரண வேக்குவம் காய்ந்த தூசியை இழுக்கும், அவ்வளவுதான். ஸ்பாட் கிளீனர், எக்ஸ்ட்ராக்டர் என்ற பெயர்களில் விற்கும் மெஷினில் இரண்டு டேங்க் இருக்கும். ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் அழுக்குத் தண்ணீர். கைப்பிடியில் உள்ள விசையை அழுத்தினால் சின்ன பம்ப் ஒன்று நல்ல தண்ணீரைத் துணிக்குள் பீய்ச்சும். அதே கைப்பிடியின் வாய் அந்தத் தண்ணீரை அழுக்கோடு சேர்த்துத் திரும்ப உறிஞ்சும்.

பீய்ச்சுகிற வேலையை ஒரு ஸ்பிரே பாட்டிலே செய்துவிடும். நீங்கள் காசு கொடுப்பது உறிஞ்சுவதற்கு. ஆகவே, ஊற்றியதில் எவ்வளவு திரும்ப வருகிறது என்பதை வைத்துத்தான் மெஷினை எடைபோட வேண்டும். வீட்டுத் தரையில் தண்ணீர் கொஞ்சம் தங்கினால் ஃபேன் போட்டுக் காயவைக்கலாம். கார் சீட்டுக்குள் கனமான ஃபோம் இருக்கிறது, தரைக் கார்பெட்டுக்கு அடியில் சத்தம் தடுக்கும் தடித்த பஞ்சு இருக்கிறது. அங்கே இறங்கிய தண்ணீர் லேசில் வெளியே வராது.

டேங்க் எத்தனை லிட்டர் இருக்க வேண்டும்?

முன் சீட் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பின் சீட்டு, தரை, டிக்கி எல்லாம் சேர்த்து ஐந்து பேர் அமரும் காருக்கு 8 முதல் 10 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்ஸெல் லிட்டில் கிரீன் போன்ற குட்டி மெஷினில் டேங்க் 1.4 லிட்டர். முழுக் காரையும் கழுவினால் ஆறேழு தடவை நிரப்பவும் கொட்டவும் வேண்டும். அதே நிறுவனத்தின் ஸ்பாட்கிளீன் புரோ 2.8 லிட்டர், கார்ச்சர் எஸ்.இ. 4001 நான்கு லிட்டர். வாட்டர் சர்வீஸ் கடைகளுக்கு ஏற்ற கார்ச்சர் புஸ்ஸி 8/1 எட்டு லிட்டர், ஆனால் எடை பத்து கிலோவை ஒட்டி வரும்.

குழந்தை கொட்டிய பாலைத் துடைக்க மட்டும் என்றால் 1.4 லிட்டரே தாராளம். ஆண்டுக்கு நான்கு முறை முழுக் காரையும் கழுவுவீர்கள் என்றால் 2.5 லிட்டருக்குக் கீழே போக வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் குழாய் இல்லாதவர்கள் இதை இன்னும் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் லிஃப்டில் ஏறி இறங்குவது நீங்கள்தான்.

பெட்டியில் 1000 வாட், 1400 வாட் என்று போட்டிருக்கிறது. அதிக வாட் என்றால் அதிக உறிஞ்சல்தானே?

இல்லை. வாட் என்பது மெஷின் மின்சாரத்தை எவ்வளவு தின்கிறது என்பதன் கணக்கு. சூடாக்கும் பகுதி உள்ள மாடலில் அதுவும் இதில் சேர்ந்துவிடும். பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. ஒன்று உறிஞ்சும் அழுத்தம்: கிலோபாஸ்கல் என்றோ மில்லிபார் என்றோ இருக்கும், 1 கிலோபாஸ்கல் 10 மில்லிபாருக்குச் சமம். மற்றொன்று காற்றோட்டம்: நொடிக்கு எத்தனை லிட்டர் என்று இருக்கும். அழுத்தம் ஃபோமின் ஆழத்தில் இருந்து தண்ணீரைப் பிரித்து எடுக்கிறது, காற்றோட்டம் அதைக் குழாய் வழியே டேங்க் வரை தூக்கிச் செல்கிறது. ஒன்று மட்டும் பெரிதாக இருந்து பயனில்லை. 200 மில்லிபாரைத் தாண்டும் மெஷின் கார் சீட்டுக்கு நன்றாகவே போதும். எதுவுமே அச்சிடாத மெஷின் என்றால் கீழே சொல்லும் சோதனையைச் செய்து பாருங்கள்.

அது என்ன சோதனை?

நல்ல தண்ணீர் டேங்கில் சரியாக ஒரு லிட்டர் ஊற்றுங்கள். காய்ந்த துணி சீட்டில் ஒரு முறை பீய்ச்சி இழுங்கள், பிறகு பீய்ச்சாமல் அதே இடத்தில் மூன்று முறை இழுங்கள். டேங்க் காலியாகும்வரை இப்படியே செய்துவிட்டு, அழுக்கு டேங்கில் சேர்ந்ததை அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். 700 மில்லிக்கு மேல் வந்தால் நல்ல மெஷின். 500க்குக் கீழே என்றால், அரை லிட்டருக்கும் மேல் உங்கள் சீட்டுக்குள்தான் இருக்கிறது.

திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். குறைவாக வந்தால் உடனே மெஷினைக் குற்றம் சொல்ல வேண்டாம். கைப்பிடியின் வாய் துணியில் முழுதாகப் படிந்திருந்ததா, அழுக்கு டேங்கின் மூடி சரியாக உட்கார்ந்திருந்ததா என்று பார்த்துவிட்டு இன்னொரு முறை செய்யுங்கள்.

வாய்ப்பகுதி, குழாய் இவற்றில் எதைப் பார்ப்பது?

வாய் 9 அல்லது 10 செ.மீ. அகலம் இருந்தால் சீட்டின் வளைவுகளில் பதியும். வீட்டுக் கார்பெட்டுக்கான அகல வாய் காருக்குள் ஓரங்களில் தூக்கிக்கொண்டு காற்றைத்தான் குடிக்கும். வாய் கண்ணாடி போல உள்ளே தெரிவதாக இருக்கட்டும். போகிற தண்ணீர் தெளிந்துவிட்டதா என்று அதில்தான் தெரியும். சீட்டுக்கும் நடுக் கன்சோலுக்கும் இடையே நுழைய ஒல்லியான வாய் ஒன்று கூடவே வருகிறதா என்று கேளுங்கள். பிரிஸ்டில் பிரஷ் வாயோடு ஒட்டியிருந்தால் வசதி என்று தோன்றும். ஆனால் அது வாயைத் துணியில் இருந்து தூக்கி நிறுத்தி உறிஞ்சலைக் குறைக்கும். பிரஷைத் தனியாக வைத்துக்கொள்வதே மேல்.

குழாய் ஒன்றரை மீட்டர் என்றால் மெஷினைக் காருக்குள் தூக்கி வைக்க நேரும், கவிழ்ந்தால் கதை கந்தல். இரண்டு மீட்டருக்கு மேல் இருந்தால் கதவருகே தரையில் வைத்தே வேலை முடியும்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வாங்கி வருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. நேராகச் செருகினால் மோட்டார் கருகிவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைக்கலாம், ஆனால் 700 வாட் மெஷினுக்கு 1000 வாட்டுக்கு மேல் தாங்கக்கூடியது வேண்டும். அதுவே நல்ல கனம். உதிரிபாகமும் இங்கே கிடைக்காது. சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து வருவது 230 வோல்ட் வகையாகத்தான் இருக்கும், பிளக் மட்டும் மாற்றினால் ஓடும். வாரன்டி இங்கே செல்லுமா என்பது தனிக் கேள்வி.

காரின் 12 வோல்ட் பாயின்டில் ஓடும் மெஷின் போதாதா?

போதாது. அந்த பாயின்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். கணக்குப் போட்டால் 120 முதல் 180 வாட். பிஸ்கட் தூளை இழுக்கலாம், ஃபோமில் இறங்கிய தண்ணீரை இழுக்க முடியாது.

வீட்டு பிளக் பாயின்ட் தாங்குமா?

1200 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஐந்தேகால் ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் பாயின்ட் போதும். அதற்கு மேல் என்றால் ஏ.சி., கீசர் போடும் 16 ஆம்பியர் பாயின்டுக்குப் போங்கள். ஜங்ஷன் பாக்ஸ் வழியே பார்க்கிங்குக்குக் கரன்ட் கொண்டுபோனால் வயர் 1.5 சதுர மி.மீ. கனமாவது இருக்கட்டும். சுருட்டி வைத்த வயரை முழுக்கப் பிரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், சுருளாகவே இருந்தால் சூடேறி உருகும். ஜங்ஷன் பாக்ஸைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள். தண்ணீரும் கரன்ட்டும் சேரும் வேலை இது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே கரன்ட்டைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே வெட் அண்டு டிரை வேக்குவம் இருக்கிறது. இன்னொன்று தேவையா?

பலருக்குத் தேவைப்படாது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். வெட் அண்டு டிரை வேக்குவம் தண்ணீரையும் உறிஞ்சும், அதன் மோட்டார் பெரும்பாலான குட்டி ஸ்பாட் கிளீனர்களின் மோட்டாரைவிடப் பெரியது. செடிக்கு மருந்தடிக்கும் 2 லிட்டர் கை பம்ப் ஸ்பிரேயரில் தண்ணீரும் ஷாம்பூவும் கலந்து அடித்து, பிரஷால் தேய்த்து, அதே வேக்குவத்தால் இழுத்துவிடலாம். குழாயின் விட்டத்துக்கு, 32 அல்லது 35 மி.மீ., பொருந்தும் எக்ஸ்ட்ராக்‌ஷன் வாய் தனியாகவே விற்கிறார்கள். ஈர வேலைக்கு முன் உள்ளிருக்கும் துணிப் பை அல்லது பேப்பர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கையேடு சொல்லும் ஃபோம் ஃபில்டரை மாட்டுங்கள். கழற்ற மறந்தால் பை ஊறி அடைத்துக்கொள்ளும். ஒரு கையில் ஸ்பிரேயர், மறு கையில் குழாய் என்று வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும். குறை அது ஒன்றுதான்.

ஸ்டீம் கிளீனர்?

கிருமி, பிசுபிசுப்பு, ஏ.சி. வென்ட் இடுக்கு இவற்றுக்கு நல்லது. அழுக்கைத் தளர்த்தும், ஆனால் வெளியே எடுக்காது. பால், முட்டை, ரத்தம் போன்ற புரதக் கறையில் நீராவி பட்டால் கறை வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும்.

துணி துவைக்கும் பவுடர் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். பாத்திரம் கழுவும் லிக்விடும் வேண்டாம். அழுக்கு டேங்கில் தண்ணீர் நிரம்பியதும் உறிஞ்சலை நிறுத்த ஒரு மிதவை இருக்கிறது. தண்ணீர் அதைத் தூக்கும், நுரை தூக்காது. நுரை அதைக் கடந்து நேராக மோட்டாருக்குப் போய்விடும். அதோடு, சீட்டில் தங்கும் சோப்பு பிசுக்காகி, கழுவிய இரண்டே வாரத்தில் முன்னைவிட வேகமாக அழுக்கைப் பிடிக்கும்.

எக்ஸ்ட்ராக்டருக்கென்று விற்கும் நுரை குறைந்த ஷாம்பூவை லேபிளில் உள்ள அளவுப்படியே கலக்குங்கள். கூடப் போட்டால் கூடச் சுத்தமாகும் என்பது உண்மையில்லை, கூட அலச வேண்டிவரும். இன்னும் நல்ல வழி, ஷாம்பூவை ஸ்பிரே பாட்டிலில் கலந்து சீட்டில் அடித்துவிட்டு, மெஷின் டேங்கில் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றி அலசுவது. பம்புக்கும் ஆயுள் கூடும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் எடுங்கள். இல்லையென்றால் காய்ந்ததும் கறுப்பு சீட்டில் வெள்ளைப் பூத்து நிற்கும்.

முன் சீட் ஒன்றைக் கழுவும் முறை?

முதலில் காய்ந்த வேக்குவம். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம், வேலை கெடுவதும் இங்கேதான். மணல், முடி, பொரித் தூள் எல்லாம் ஈரமானால் சேறாகி உள்ளே இறங்கும். கடற்கரை போய் வந்த கார் என்றால் சீட்டைத் தட்டித் தட்டி இழுங்கள்.

பிறகு மறைவான ஓரத்தில் ஷாம்பூவைத் தடவி வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டவில்லை என்றால் சீட் முழுக்க லேசாக அடித்து ஐந்து முதல் எட்டு நிமிடம் ஊறவிடுங்கள். வெயிலில் நின்று செய்தால் ஊறுவதற்குள் காய்ந்துவிடும், நிழலில் நிறுத்துங்கள். மென்மையான பிரஷால் எல்லாத் திசையிலும் தேயுங்கள்.

டேங்கில் கை பொறுக்கும் சூட்டில், 40 டிகிரி அளவில் தண்ணீர் ஊற்றுங்கள். கொதிநீர் ஊற்றினால் டேங்க் கோணும், பம்பின் ரப்பர் போகும். எவ்வளவு சூடு தாங்கும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். முதுகுப் பகுதியில் மேலிருந்து தொடங்கி, வாயை அழுத்திப் பதித்து, உங்களை நோக்கி மெதுவாக இழுங்கள், நொடிக்கு ஐந்து செ.மீ. போதும். ஒரு ஈர இழுப்புக்கு மூன்று காய்ந்த இழுப்பு. விசையை விட்ட பிறகும் ஒரு சாண் தூரம் இழுத்துவிட்டே கையை எடுங்கள், இல்லையென்றால் முடியும் இடத்தில் தண்ணீர்க் கோடு விழும். வாயில் தெரியும் தண்ணீர் கறுப்பு, பழுப்பு, பிறகு வெளிர் சாம்பல் என்று மாறும். மூன்று சுற்றிலும் தெளியாவிட்டால் அன்று நிறுத்திவிட்டு, காய்ந்த பின் இன்னொரு நாள் செய்யுங்கள். ஒரே நாளில் ஐந்தாறு சுற்று போனால் ஃபோம் ஊறிப்போகும்.

கறை மட்டும் உள்ள இடத்தை வட்டமாகக் கழுவி விட்டுவிடாதீர்கள். காய்ந்ததும் அந்த வட்டம் தனியாகத் தெரியும். தையலில் இருந்து தையல் வரை அந்தப் பகுதி முழுவதையும் கழுவ வேண்டும்.

சாம்பார் கொட்டியது. ஷாம்பூ போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாகிவிட்டது. ஏன்?

ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதேதான். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரம் பட்டால் சிவந்து பழுப்பாகும். கார்பெட் ஷாம்பூக்கள் பலவும் காரத்தன்மை உள்ளவை. பயப்பட வேண்டாம், வினிகரை நான்கு பங்கு தண்ணீரில் கலந்து ஒற்றினால் நிறம் மஞ்சளுக்குத் திரும்பும். பிறகு வெறும் தண்ணீரில் அலசி இழுத்துவிட்டு, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து வெயில் படும்படி காரை நிறுத்துங்கள். குர்குமின் வெளிச்சத்தில் வெளுக்கும் நிறம். இரண்டு மூன்று நாள் வெயில், எந்த ஷாம்பூவையும்விட நன்றாக வேலை செய்யும்.

பால், தயிர், வாந்தி இவற்றுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான், சூடு கூடாது. வாடை போக என்சைம் கிளீனரை அடித்து, பாட்டில் சொல்லும் நேரம் ஈரமாகவே விட்டு இழுங்கள். தலை சாயும் இடத்தில் படிந்த தேங்காய் எண்ணெய்க்கு வெதுவெதுப்பான தண்ணீரும் ஷாம்பூவும் பத்து நிமிடம் ஊற வேண்டும். விபூதி, குங்குமம் கொட்டினால் ஈரக் கையால் தொடாதீர்கள், முதலில் காய்ந்த வேக்குவம்.

எங்கெல்லாம் இந்த மெஷினைக் கொண்டுபோகக் கூடாது?

கூரைத் துணி முதலாவது. அது பசையால் ஒட்டியது, ஊறினால் தொங்கும். மைக்ரோஃபைபர் துணியை ஈரமாக்கித் துடைப்பதோடு சரி. துளை போட்ட லெதரெட் (செயற்கைத் தோல்) சீட்டும் வேண்டாம். காற்று வரும் சீட்டாக இருந்தால் துளைக்குக் கீழே ஃபேனும் வயரும் இருக்கும். சீட்டுக்கு அடியில் தெரியும் மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குக்குப் போவது. அதில் தண்ணீர் அடிக்கவும் கூடாது, கழற்றிப் பார்க்கவும் கூடாது, எச்சரிக்கை விளக்கு எரிந்து ஷோரூம் போக நேரும். முன் பயணி சீட்டுக்குள் ஆள் இருப்பதை உணரும் சென்சார் இருக்கும் கார்களில் அந்த சீட்டைக் குறைந்த தண்ணீரிலேயே முடியுங்கள். ஹைபிரிட் கார்களில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் சீட்டருகே இருக்கலாம், உரிமையாளர் கையேட்டைப் பார்த்து அதைத் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் துணியை எடுக்க மறக்காதீர்கள்.

சீட் பெல்ட்டைக் கழுவலாம். முழுக்க வெளியே இழுத்து கிளிப் போட்டுவிட்டு, மிதமான சோப்புத் தண்ணீர் மட்டும். பிளீச்சிங் பட்டால் நார் வலுவிழக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள்.

காய எவ்வளவு நேரம்?

நன்றாக இழுத்திருந்தால் சித்திரை வெயிலில் மூன்று நான்கு மணி நேரம், கார்த்திகை மழையில் மறுநாள்கூட ஆகும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முழுக் காரையும் கழுவும் ஆசையைத் தள்ளிப்போடுவது நல்லது. ஈரம் இரண்டு நாள் தங்கினால் பூஞ்சை வாடை தொடங்கிவிடும்.

வெயில் நாளில் நான்கு கண்ணாடியையும் இரண்டு விரற்கடை இறக்கி, ஒரு டேபிள் ஃபேனைக் கதவுப் பக்கம் வைத்துவிடுங்கள். மழை நாளில் ஏ.சி.யை அரை மணி நேரம் ஓட்டினால் ஈரத்தை இழுத்துக் கீழே சொட்டவிடும். மூடிய பார்க்கிங்கில் எஞ்சினை ஓடவிட்டு இதைச் செய்யக் கூடாது, புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். காய்ந்ததா என்று பார்க்க, நான்காக மடித்த டிஷ்யூவை சீட்டில் வைத்து முழங்காலால் பத்து நொடி அழுத்துங்கள்.

எத்தனை முறை இழுத்தும் பயணி பக்கத் தரை மீண்டும் ஈரமாகிறது.

அது பெரும்பாலும் கழுவிய தண்ணீர் அல்ல. ஏ.சி.யின் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். ஏ.சி. போட்டுக் கால் மணி நேரம் ஆகியும் காருக்கு அடியில் சொட்டவில்லை என்றால் பெரும்பாலும் அதுதான். சன்ரூஃப் உள்ள கார் என்றால் அதன் வடிகால் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். அதைச் சரிசெய்யாமல் எந்த மெஷின் வாங்கியும் பயனில்லை.

வெள்ளத்தில் நின்ற காரை இதால் சுத்தம் செய்யலாமா?

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நீரில் நின்ற கார்கள் நினைவிருக்கும். அந்தத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும், கார்பெட்டுக்கு அடியிலுள்ள பஞ்சு முழுக்க ஊறியிருக்கும். சீட்டையும் கார்பெட்டையும் கழற்றி வெளியே எடுக்காமல் அது சுத்தமாகாது. முதலில் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் பார்க்கும் முன் ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம்.

திடீரென்று தண்ணீர் பீய்ச்சவில்லை, அல்லது உறிஞ்சவில்லை. என்ன பார்ப்பது?

பீய்ச்சாவிட்டால், பம்ப் சத்தம் கேட்கிறதா பாருங்கள். சத்தம் இருந்து தண்ணீர் வராவிட்டால் காற்று அடைத்திருக்கலாம். டேங்கை முழுக்க நிரப்பி, நன்றாக அழுத்தி உட்காரவைத்து, கைப்பிடியைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே தாழ்த்தி விசையை ஒரு நிமிடம் பிடியுங்கள். அதிலும் வராவிட்டால் நாசில் உப்பால் அடைத்திருக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கலந்து அதில் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி, விசிறியாக விழ வேண்டிய தண்ணீர் ஒரே தாரையாக விழும்.

உறிஞ்சாவிட்டால் பெரும்பாலும் அழுக்கு டேங்க் மூடியின் ரப்பர்தான் காரணம். முடியோ மணலோ அதில் சிக்கியிருக்கும். அடுத்தது மேலே ஒட்டிக்கொண்ட மிதவை. அதற்கடுத்தது குழாயில் விரிசல்: வாயை உள்ளங்கையால் மூடினால் மோட்டார் சத்தம் மாற வேண்டும், மாறாவிட்டால் எங்கோ காற்று புகுகிறது.

வேலை முடிந்ததும் மெஷினை எப்படி வைப்பது?

வெறும் தண்ணீர் அரை லிட்டரைக் குழாய் வழியே உறிஞ்சவிட்டு, பிறகு ஒரு நிமிடம் காற்றை மட்டும் இழுக்கவிடுங்கள். இரண்டு டேங்கையும் கவிழ்த்துத் திறந்தே காயவையுங்கள். குழாயைச் சுருட்டாமல் ஆணியில் தொங்கவிடுங்கள். மூடி வைத்த மெஷினை அடுத்த மாதம் போட்டால் வரும் முடைநாற்றம் சீட்டில் இருந்து வருவதல்ல.

பழைய மெஷின் மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

ஒரு லிட்டர் சோதனையை விற்பவர் முன்னாலேயே செய்யுங்கள். மோட்டார் காற்று வெளியேறும் இடத்தில் துருவோ வெள்ளைப் படிவோ தெரிந்தால் நுரை உள்ளே போயிருக்கிறது, விட்டுவிடுங்கள். மூடி ரப்பர், பம்ப், குழாய் மூன்றும் தனித்தனியாக உங்கள் ஊரில் கிடைக்குமா என்று சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள்.